அடுப்படிக் கேள்விகள்: பூசணி ரோல் ஏன் வெடிக்கிறது?

டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகள் வீடு வந்து சேரும் நேரம். இந்த முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே பலகாரத்தைப் பற்றியவை. மஞ்சள் பூசணி சேர்த்து மெல்லிய கேக் சுட்டு, உள்ளே கிரீம் தடவி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுவார்களே, அதுதான். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நாள் விருந்துக்கும், பிறகு கிறிஸ்மஸுக்கும் வீடுகளில் செய்வார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் செய்து போனில் காட்டிக் காட்டி, இப்போது நம் லயத்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.

எனக்குக் கேக் புதிது, வேலை பழையது. அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். சனிக்கிழமை பின்னேரத் தேத்தண்ணிக்கு விறகு ஓவனில் சுவிஸ் ரோல் சுட்டு, அன்னாசி ஜேம் தடவிச் சுருட்டுவார். வெட்டி எடுத்த ஓரங்களைத் தாளில் சுற்றி எங்களுக்குக் கொண்டுவருவார். அவரிடம் பழகிய கையோடுதான் அட்டனில் 16 வருடமாக ஓடருக்குக் கேக் செய்கிறேன். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுக்கப் பூசணி ரோலுக்கு.

அக்கா, வீடியோவில் பார்த்தபடியேதான் செய்தேன். பூசணியை அவித்து மசித்துப் போட்டு, 25 நிமிடம் சுட்டு, நன்றாக ஆறவிட்டுச் சுருட்டினேன். மூன்று இடத்தில் வெடித்துவிட்டது. நடுவில் களி மாதிரி, ஓரம் அப்பளம் மாதிரி. எங்கே பிழை?
– வாசகி, ராகலை

நடுவில் களி, ஓரத்தில் அப்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள் தங்கச்சி, அதிலேயே விடை இருக்கிறது. பூசணியில் தண்ணீர் கூடிப்போனது. அது வேகட்டும் என்று அதிக நேரம் வைத்தீர்கள். அதற்குள் ஓரம் காய்ந்துவிட்டது. காய்ந்த கேக் ஆறியும் போனால் எந்தக் கைக்கும் வளையாது.

வீடியோக்காரர்கள் டின் பூசணி போடுகிறார்கள். அது வெந்து, தண்ணீர் வற்றி, கட்டியாக இருக்கும். அமெரிக்காவில் டின்னில் அடைக்கும் பூசணியில் பெரும்பகுதி நம் சந்தைப் பூசணியின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே ருசியில் நம்முடையது குறைந்ததில்லை. ஆனால் நாம் தண்ணீரில் போட்டு அவிக்கிறோம். பூசணி ஏற்கெனவே தண்ணீர்க் காய். அவிக்கும்போது இன்னும் குடித்துக்கொள்கிறது.

அதனால் அவிக்க வேண்டாம். முக்கால் கிலோத் துண்டு ஒன்று வாங்குங்கள். நம் மலையில் கரட், லீக்ஸ், கோவா விளைகிற அளவுக்குப் பூசணி விளைவதில்லை. கீழ்நாட்டிலிருந்துதான் லொறியில் ஏறி வருகிறது. வட்டக்கா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். வெட்டி வைத்த துண்டில் விதைப்பக்கத்தைப் பாருங்கள். நார் காய்ந்து, சதை கடும் மஞ்சளாக இருந்தால் நல்லது. விதை வழுக்கி, சதை பளபளவென்று ஈரமாக நின்றால் அதைச் சாம்பாருக்கு விட்டுவிடுங்கள். விதையை வழித்தெடுத்து, தோல் கீழே இருக்கும்படி ட்ரேயில் வைத்து, 190 பாகை சூட்டில் முக்கால் மணி நேரம் சுடுங்கள். கரண்டியால் சதையை வழித்து, கட்டியில்லாமல் மசித்து, தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். எண்ணெய் வேண்டாம்.

முதலில் சளசளவென்று குமிழ் விடும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கி, அடியில் ஒட்டி இழுக்கும். அப்போது கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். தாச்சியின் அடி தெரிந்தபடி பாதை அப்படியே நின்றால் சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். தாளில் சுற்றிலும் ஈர வளையம் விழக்கூடாது. நான் இதைச் செய்யாமல் ஒரு முறைகூட மாவில் சேர்ப்பதில்லை.

அப்புறம் சுருட்டுவது. கேக்கை ஆறவிட்டுச் சுருட்டினேன் என்கிறீர்கள். சூட்டோடு சூடாகச் சுருட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது உள்ளே முட்டையும் மாவும் இளகி, சொன்னபடி வளையும். எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவத்திலேயே இறுகிக்கொள்ளும். முதலில் வெறும் துணியோடு சுருட்டி ஆறவிட்டால், பிறகு கிரீம் தடவ விரிக்கும்போது அதற்குத் தன் சுருள் ஞாபகம் இருக்கும். துணிக்குள்ளே ஆவி அடங்கி நிற்பதால் காயவும் காயாது.

அப்பா இதற்கென்றே ஒரு வெள்ளைத் துவாய் வைத்திருந்தார். சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் மட்டும் அலசுவார். ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே துவாய் மேசையில் விரிந்திருக்கும், ஐசிங் சீனி தூவியிருக்கும். ட்ரேயைக் கவிழ்த்து, ஒயில் பேப்பரை ஒரு மூலையிலிருந்து தாழ்வாக இழுத்து உரிப்பார். மேலே தூக்கி இழுத்தால் தோல் பிய்ந்துவிடும். நாலு பக்கமும் கறுத்த ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கத்தியால் எடுத்துவிடுவார். வெடிப்பு எப்போதும் அந்தக் காய்ந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். முதல் மடிப்பை இறுக்கமாக மடித்து, பிறகு துவாயைத் தூக்கினால் கேக் தானாக உருண்டு போகும். கை கேக்கில் படவே படாது. ஓவனிலிருந்து எடுத்து உருட்டி முடிக்க 2 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

பூசணி கேக் சுவிஸ் ரோலைவிடப் பிசுபிசுப்பானது. நம் ஈரக்காற்றில் ஐசிங் சீனி உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். நான் 3 மேசைக்கரண்டி ஐசிங் சீனியோடு 1 மேசைக்கரண்டி சோளமா கலந்து தூவுகிறேன். ஒட்டுவதில்லை.

அளவும் தருகிறேன். இது நம் மேல்மலைக்கு நான் சரிப்படுத்திய கணக்கு. முட்டை 3, சீனி 180 கிராம், வற்றிய பூசணி 160 கிராம், கோதுமை மா 100 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, தேசிக்காய்ச் சாறு 1 தேக்கரண்டி. கறுவாத்தூள் 2 தேக்கரண்டி, இஞ்சித்தூள் அரை, கராம்பும் சாதிக்காயும் மணத்துக்குக் கொஞ்சம். கறுவாவை நீங்களே இடித்துச் சலியுங்கள். நம் நாட்டுக் கறுவா மென்மையான மணம் உள்ளது. அமெரிக்காவில் சாதாரணமாக விற்பது தடித்த, காரமான வேறு பட்டை. அதனால் அவர்கள் கணக்கைவிட நான் கூடத்தான் போடுகிறேன்.

முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து, பூசணியும் தேசிக்காயும் சேர்த்து, சலித்த மாவை மெதுவாகக் கலந்து, 38 க்கு 25 சென்டிமீட்டர் ட்ரேயில் மூலை வரைக்கும் ஒரே கனத்தில் பரப்புங்கள். 195 பாகையில் 12 முதல் 14 நிமிடம். விரலால் நடுவில் தொட்டால் பள்ளம் விழாமல் எழுந்து வர வேண்டும். உங்கள் 25 நிமிடத்தில் பாதிதான், பார்த்தீர்களா.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி அனுப்பிய குறிப்பைப் பார்த்துச் செய்தேன். ஓவனில் நன்றாக எழும்பி, வெளியே எடுக்கும் முன்பே நடுவில் குழி விழுந்துவிட்டது. பேக்கிங் பவுடர் இல்லாததால் அதே அளவு அப்பச்சோடா போட்டேன். நிறம் கறுத்து, ஒரு சவர்க்கார வாடை. சித்திக்கு மட்டும் எப்படிச் சரிவருகிறது?
– வாசகி, நுவரெலியா

சோடாவை முதலில் முடித்துவிடுவோம். அப்பச்சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம் கொண்டது. பவுடருக்குப் பதிலாக அதே அளவு போட்டால் புளிப்போடு சேர்ந்து தீராமல் மிச்சம் நிற்கும். சவர்க்கார வாடையும் கறுப்பும் அதனால்தான். பவுடர் இல்லாத நாளில் இந்தக் கேக்கைத் தொடாதீர்கள்.

குழி விழுந்ததற்கு வேறு காரணமும் உண்டு. நீங்கள் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறீர்கள். சித்தியின் குறிப்பு கடல்மட்டத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எழுதியதாக இருக்கும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்திப் பிடிக்க ஆள் குறைந்தால் மாவுக்குள் இருக்கும் வாயு சட்டென்று பெருத்து ஓடும். கேக் வெந்து நிலைப்பதற்கு முன்பே எழும்பி, தாங்க முடியாமல் விழுந்துவிடும். உங்கள் ஊரில் பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதே கதைதான். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது.

அதனால்தான் மேலே நான் கொடுத்த அளவில் சோடா குறைவு, மா ஒரு மேசைக்கரண்டி அளவுக்குக் கூடுதல், சூடு 5 பாகை கூடுதல். சீனியையும் 20 கிராம் குறைத்தேன். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் பறந்து சீனி செறிந்துவிடும், கேக்குக்குப் பலம் இருக்காது. முட்டையையும் அளவாக அடியுங்கள். கடற்கரையில் 5 நிமிடம் என்றால் உங்களுக்கு 3 நிமிடம் போதும். பதுளை, கண்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இவ்வளவு மாற்றம் தேவையில்லை. அவர்கள் சீனியை 200 கிராமாகவும் சூட்டை 190 ஆகவும் வைக்கலாம்.

இன்னொன்று. சித்தியின் குறிப்பில் 375 என்று இருந்தால் அது பரனைட், நம் 190 பாகை. அங்கத்தைய கப் 240 மில்லிலீற்றர். நம் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தால் கணக்கு தவறும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வையுங்கள், கிராமில் அளந்தால் இந்தக் குழப்பமே வராது.

கிரீம் சீஸ் எங்கள் டவுனில் கிடைக்கவில்லை. கிடைக்கும் இடத்தில் விலை கேட்டால் வாங்க மனம் வரவில்லை. மாஜரின் கிரீம் தடவலாமா?
– வாசகி, மஸ்கெலியா

மாஜரின் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேக் முழுக்கக் கறுவாவும் பூசணியும் இனிப்பாக மணக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம் புளித்தால்தான் நாக்கு அடுத்த துண்டு கேட்கும். மாஜரினில் அந்தப் புளிப்பு இல்லை, அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

நமக்கு எருமைத் தயிர் இருக்கிறதே. சட்டியில் வருகிற கெட்டித் தயிர். என் கணக்கில் கடைக் கிரீம் சீஸைவிட அதுதான் இந்தக் கேக்குக்குப் பொருத்தம். 1 லீற்றர் சட்டி வாங்கி, மேலே நிற்கும் ஆடையோடு சேர்த்து மெல்லிய வெள்ளைத் துணியில் கொட்டி, முடிந்து, இராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். கீழே ஒரு பாத்திரம். டிசம்பர் குளிரில் பிரிஜ்கூட வேண்டாம், ஜன்னல் ஓரம் போதும், ஆனால் பூனைக்கு எட்டாத உயரத்தில். காலையில் முடிச்சைப் பிழிந்து பாருங்கள். சொட்டு வராமல், துணியை விரித்தால் வழுவழுவென்று தானாகக் கழன்று வர வேண்டும். துணியின் நெசவு தயிரின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். வடிந்த தண்ணீரை ரொட்டி மா குழைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் 225 கிராம், பட்டர் 85 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், வனிலா கொஞ்சம். முதலில் பட்டரையும் சீனியையும் வெளுக்க அடித்து, பிறகு தயிரை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து, கலந்ததும் நிறுத்துங்கள். மேலும் மேலும் அடித்தால் நீர்த்துப்போகும். குளிரில் பட்டர் கல் மாதிரி இருக்கும். அப்படியே அடித்தால் தயிருக்குள் மணிமணியாகத் திரண்டு நிற்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள், விரல் அழுத்தினால் பள்ளம் விழட்டும். உருகவிடாதீர்கள்.

கிரீம் சீஸ் வாங்க முடிந்தவர்கள் கட்டியாக வருவதை வாங்குங்கள். பாணுக்குத் தடவ டப்பாவில் வருவது இளக்கமானது, சுருட்டும்போது ஓரத்தில் பிதுங்கி வழியும்.

என்னிடம் ஓவன் இல்லை. காஸ் அடுப்பு மட்டும். அம்மாவுக்குச் செய்து கொடுக்க ஆசை. முடியுமா?
– வாசகர், பொகவந்தலாவை

முடியும் தம்பி. பெரிய அலுமினியப் பானையில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி 15 நிமிடம் நன்றாகச் சூடேற்றுங்கள். 8 அங்குலச் சதுர ட்ரே பானைக்குள் இறங்கினால் மேலே சொன்ன மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுங்கள். இரண்டு குட்டி ரோல் கிடைக்கும். பானையில் கீழ்ச்சூடுதான் அதிகம். மேல்பக்கம் வெளிறி, கொஞ்சம் ஒட்டும். மூடியைத் துணியால் கட்டி வைத்தால் ஆவித்தண்ணீர் கேக்கின் மேல் சொட்டாது, துணியின் நுனி நெருப்புப் பக்கம் தொங்காமல் மேலே முடிந்துகொள்ளுங்கள். நேரம் 15 நிமிடத்துக்கு மேல் போகலாம். விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் முறை வெடித்தாலும் அம்மாவுக்குக் கொடுங்கள். கிரீம் தடவி அடுக்கிக் கிண்ணத்தில் போட்டால் அதுவும் நல்ல ருசி.

முட்டை இல்லாமல் செய்ய வழி சொல்லுங்கள்.
– வாசகி, ஹப்புத்தளை

இந்தக் கேக் வளைவதே முட்டையால்தான். முட்டையில்லாமல் செய்து பார்த்தேன், எனக்குச் சுருட்ட வரவில்லை. உங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்றால் இதே பூசணி, இதே கறுவா மணத்தில் சாதாரண முட்டையில்லாக் கேக் ஒன்று சுட்டு, இரண்டாக அறுத்து, நடுவில் தயிர்க் கிரீம் தடவுங்கள். மனதார அதைத்தான் சொல்வேன்.

கிறிஸ்மஸுக்கு ரிச் கேக் இல்லாமல் பூசணி வைப்பதா என்று மாமி கோபப்படுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, கொட்டகலை

மாமி பக்கம் நியாயம் இருக்கிறது. ரவையும் கஜுவும் போட்டு, பழங்களை ஊறவைத்துச் செய்கிற நம் கிறிஸ்மஸ் கேக்குக்கு ஈடு எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு சின்னச் சின்னத் துண்டாகத் தாளில் சுற்றிக் கொடுக்க அதுதான் சரி, வாரக் கணக்கில் கெடாது. பூசணி ரோல் பிரிஜில் 3 நாள் நல்லது, 4ஆம் நாள் ஈரம் விடும். இதை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.

ஆனால் மாமியிடம் ஒன்று சொல்லுங்கள். ரிச் கேக்கில் போடுகிறோமே புஹுல் தோசி, அது நீத்துப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்ததுதான். கிறிஸ்மஸ் மேசைக்குப் பூசணி புதிதாக வந்த ஆள் இல்லை. இரண்டையும் செய்யுங்கள். ரிச் கேக் மாமியின் கையால் வரட்டும்.

மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். இந்த முறை லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவரிடம் ரோலைக் கொடுத்து அனுப்பலாமா? கிரீம் கெட்டுவிடுமா?
– வாசகி, டிக்கோயா

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன் அக்கா. என் தம்பி கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் அம்மா இப்படித்தான் ஒவ்வொரு பண்டிகைக்கும் பொட்டலம் கட்டுவார்.

கிரீம் தடவி அனுப்பாதீர்கள். இங்கே ஏறும்போது குளிர், கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க வெக்கை. கொழும்பு போய்ச் சேருவதற்குள் பட்டர் உருகி, தயிர் புளித்துவிடும்.

கேக்கை மட்டும் துணிக்குப் பதிலாக ஒயில் பேப்பரோடு சுருட்டி ஆறவிடுங்கள். முழுக்க ஆறியதும் அந்தப் பேப்பரோடேயே பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ரோல் நசுங்காத நீளமான பிஸ்கட் டின்னில் வையுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கசக்கி அடைத்தால் ஆடாது. அப்படி 2 நாள் தாங்கும். மகளிடம் முதல் நாளே சொல்லி, தயிர்ச் சட்டி ஒன்று வாங்கிக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். ஆனால் அங்கத்தைய சூட்டில் வெளியே தொங்கவிட வேண்டாம், வடிதட்டில் வைத்துப் பிரிஜுக்குள் வைக்கட்டும். பட்டரும் ஐசிங் சீனியும் அவளே வாங்கிவிடுவாள்.

டின் கைக்கு வந்ததும் ரோலை மெதுவாக விரிக்க வேண்டும், முழுக்கத் தட்டையாக அழுத்தக்கூடாது. உள்சுருள் வளைந்தபடியே இருக்கட்டும், கிரீமை அந்த வளைவுக்குள்ளும் தடவி, திரும்பச் சுருட்டி, 2 மணி நேரம் பிரிஜில் வைத்து, கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துத் துடைத்து வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் போனில் கூடவே இருங்கள். பஸ் கிளம்பும் நாள் காலையில் சுட்டால் போதும், முதல் நாள் இரவே சுட்டு வைக்க வேண்டாம்.